காப்பிப் பொடி தின்னாத மீன்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். பேசத் தெரியும், பேசமாட்டார். நிட்டிங் கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே பதினைந்து வருஷம் மாஸ்டராக இருந்தவர். அங்கே கையைக் காட்டினால்தான் காரியம் நடக்கும், வாயைத் திறந்து பிரயோஜனமில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போதும் என்றால் கையைக் காட்டுவார். ஃபேனைப் போடச் சொல்லி விரலை மேலே நீட்டுவார். மற்ற நேரமெல்லாம் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். கல்யாணமான மூன்று வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு நாற்பது பக்க நோட்டுக்கூட நிறையாது.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு தீபாவளி போனஸ் வந்ததும், பீரோ வைக்கலாம் என்று நான் ஒழித்து வைத்திருந்த மூலையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை இறக்கினார். கோயமுத்தூரில் ஒரு மீன் கடையில் பார்த்தாராம், பிடித்துப்போயிற்றாம். சாதாரண மீன் தொட்டி என்றாலும் பரவாயில்லை. இது கடல் தண்ணீர்த் தொட்டி. கேன் தண்ணீரை ஊற்றி, அதற்கென்றே விற்கிற உப்பைக் கலந்து, ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு உப்பு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவேயில்லை. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார்.

“ஏங்கண்ணு, நம்ம போர் தண்ணியே கடலாட்டத்தான இருக்குது. இதுக்கு உப்பை வேற காசு குடுத்து வாங்கியாந்தாராக்கும் உங்கூட்டுக்காரரு?”

“அவரைத்தான் கேக்கோணுங்க” என்றேன். அவரைக் கேட்டால் சிரிப்பார். அவ்வளவுதான்.

தொட்டிக்குள் மணல் போட்டார். ஓட்டை ஓட்டையாக இருந்த கற்களை அடுக்கினார். உயிருள்ள கல் என்று கடைக்காரர் சொன்னாராம். கல்லுக்கு உயிர் இருந்தால் எங்கள் ஆட்டுக்கல்லுக்கும் இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். பல மாதம் அதில் மீனே இல்லை. வெறும் தண்ணீருக்கு லைட்டும் மோட்டாரும் ஓடின. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாஸ்டிக் பையில் ஒரே ஒரு மீனோடு வந்தார். விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடு வளைந்து வளைந்து ஓடும். குழந்தைகள் பனியனுக்கு ஆல் ஓவர் பிரிண்ட் போட்டது போல இருந்ததால் நான் அதை பிரிண்ட் மீன் என்பேன். அழகு என்னவோ அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தூவுகிற தீனி எதையும் அது தொடாது. நாளெல்லாம் கல்லைக் கொத்திக்கொண்டே திரியும். அது என்னத்தைத் தின்கிறது என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அடுத்த தீபாவளி முடிந்த கையோடு அவருக்கு டாக்காவில் ஒரு கம்பெனியில் வேலை வந்தது. ஒரு வருஷ ஒப்பந்தம். புறப்படுகிற அன்று உடம்பைப் பார்த்துக்கொள் என்றோ, பத்திரமாக இரு என்றோ ஒரு வார்த்தை? ம்ஹூம். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு தாளைக் கையில் கொடுத்தார். எந்த மோட்டாரை எப்போது நிறுத்த வேண்டும், ஆவியாகிக் குறைகிற அளவுக்கு எந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. மூன்று வருஷத்தில் அவர் எனக்கு எழுதிய முதல் கடுதாசி அதுதான்.

வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு. அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு போன் பண்ணுவார். எனக்கு எட்டரை மணி ஷிஃப்ட். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை. எடுத்த எடுப்பில் “சாப்பிட்டாச்சா?” என்பார். ஹலோ கிடையாது, எப்படி இருக்கிறாய் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் தாண்டிப் போயும் மீன் சாப்பிட்டதா என்றுதானே முதல் கேள்வி!

“ஆச்சுங்க. கல்லைக் கொத்திட்டேதான் இருக்குது” என்பேன்.

“ம்” என்பார். கொஞ்சம் விட்டு, “தண்ணி கொறைஞ்சுதா?” என்பார். ஊற்றினேன் என்பேன். லைட் சரியாக எரிகிறதா என்பார். எரிகிறது என்பேன். அப்புறம் கர்ர் என்று இரைச்சல், போன் நின்றுவிடும்.

கோபம் ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொன்றும் உறைத்தது. இந்த மீனைத் தவிர எங்களுக்குப் பேச வேறு எதுவும் இல்லை. இது செத்துப்போனால் அந்த மனுஷர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன்? இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு இரைச்சலையா கேட்டுக்கொண்டிருப்போம்? எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் திரும்பி வருகிறவரை இதைச் சாகவிடக் கூடாது என்று மருதமலை முருகனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். மீனுக்காக நேர்ந்துகொண்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இனிமேல் சொல்லப்போவது என் முட்டாள்தனம்.

என் வேலை, துணியில் குறை கண்டுபிடிப்பது. பொட்டு எண்ணெய்க் கறை, ஊசி முனை அளவு ஓட்டை, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அந்தக் கண்ணோடு ஒருநாள் காலை தொட்டியைப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தூசியா, உப்பா? பழக்கதோஷம், பையில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து ஒரு புள்ளிக்கு நேராக வெளிப்பக்கம் ஒட்டினேன். அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் ஸ்டிக்கர் இருக்கிறது, புள்ளி இல்லை. இன்னொன்றுக்கு ஒட்டினேன். என் கண் முன்னாலேயே அது சுண்டிவிட்ட மாதிரி துள்ளி அரை அங்குலம் தள்ளிப்போயிற்று.

ஐயோ சாமி, பேன்! மீன் தொட்டியில் பேன் விழுந்துவிட்டது. உடம்பெல்லாம் எனக்கு ஊர ஆரம்பித்தது. அவர் ஆசையாக வளர்த்த மீன் இப்படிப் பேன் பற்றிச் சாகவா?

அன்றிலிருந்து தினமும் காலையில் பனியன் வேஸ்ட் துணியை நனைத்து உள்பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. கல்லைப் பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை அதே பூச்சி. பொங்கல் வந்தது. எங்கள் பக்கம் காப்புக் கட்டுகிற நாளைக்கு முன்னால் வீட்டையே கவிழ்த்துக் கழுவுவோம். நான் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வாளியில் போர் தண்ணீர் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, பளிச்சென்று திரும்ப அடுக்கினேன். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் கட்டிய காப்பில் ஒரு கொத்தை வாசலுக்கும் இன்னொரு கொத்தைத் தொட்டி ஸ்டேண்டுக்கும் செருகினேன். பூச்சி ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. அவருடைய தாளை எடுத்துப் பார்த்தேன். கல்லைக் கழுவக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. எவளாவது கல்லை எடுத்துக் கழுவுவாள் என்று அந்த மனுஷர் கனவிலாவது நினைத்திருப்பாரா?

மாசி பிறந்தபோது பிரிண்ட் மீனின் வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. கொத்துவதற்குப் போகும், கொத்தும், மறுபடி கொத்தும், வாயில் ஒன்றும் வந்த மாதிரி தெரியாது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுத்தமாக இருந்தால் உடம்பு தேறத்தானே வேண்டும்? தொட்டியைப் பளிங்காக வைத்திருக்கிறேன், மீன் குச்சியாகப் போகிறதே!

செக்கிங் டேபிளில் என் எதிரே ஒரு தெற்கத்திப் பெண் வேலை பார்த்தாள். தெற்கே கடல்தானே, இவளுக்குத் தெரிந்திருக்கும் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நாலு டேபிளும் திரும்பிப் பார்த்தன.

“எக்கா, எங்க ஊரு கோயில்பட்டிக்கா. கரிசக்காடு. கடலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? கடல மிட்டாயைப் பத்திக் கேளுங்க, விடிய விடியச் சொல்லுதேன்.”

சரிதான், வேண்டியதுதான் எனக்கு என்று பீஸைப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல “சாப்பிட்டாச்சா?” என்று அவர் கேட்டதும், “ஆச்சுங்க” என்று சொல்ல வாய் வரவில்லை. “இல்லீங்க. ஒண்ணும் சேரமாட்டேங்குது. ரொம்ப எளைச்சுப்போச்சுங்க” என்றேன்.

“யாரு, மீனா?”

“பின்ன நானுங்களா?”

அவர் அவசரமாக ஏதோ சொன்னார். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. “காப்பி… பொடி… போடோணும்” என்று என் காதில் விழுந்தது.

“என்னதுங்க?”

“காப்பிப்… அதான் அது திங்கும். கடையில பாட்டல்ல குடுப்பாங்க.”

நாங்கள் காப்பித்தூள் என்றுதான் சொல்வோம். டாக்காவில் யாரோடு சேர்ந்து பொடி என்று பேசப் பழகினாரோ என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் உப்புப் போட்டுத் தண்ணீர் கலக்குகிறோம், கரித்தூளைப் பையில் கட்டித் தொங்கவிடுகிறோம், சுண்ணாம்புத் தண்ணீர்கூட ஊற்றச் சொல்லித் தாளில் எழுதியிருந்தார். வெற்றிலை பாக்கு ஒன்றுதான் பாக்கி. இதில் காப்பி மட்டும் என்ன அதிசயம்? இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டாக விசாரித்துவிடுவோம் என்று, “ஃபில்டருங்களா?” என்று கத்தினேன்.

“ஃபில்டர் வேண்டாம்! ஃபில்டரை நிறுத்திப்போட்டுப் போடு!”

தெளிவாகவே சொல்லிவிட்டார். ஃபில்டர் காப்பி வேண்டாம், பாட்டிலில் வருகிற இன்ஸ்டன்ட்தான். அன்று சாயங்காலமே புது பாட்டில் ஒன்று வாங்கிவந்து, குவித்துக் குவித்து நாலு ஸ்பூன் எடுத்துத் தொட்டியில் தூவினேன்.

தண்ணீர் டீக்கடை டிகாக்ஷன் மாதிரி ஆகிவிட்டது. மீன் எங்கே என்றே தெரியவில்லை. நுரை வேறு. பிறகு என்ன தோன்றியதோ, கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் அத்தனையையும் கொண்டுவந்து, பழுப்பை வாளி வாளியாக மொண்டு கொட்டி மாற்றினேன். வீடெல்லாம் காப்பி வாசனை. வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து, “ஏங்கண்ணு, யாராச்சும் விருந்தாடி வந்துருக்காங்களா?” என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

மீன் சாகவில்லை. அது முருகன் புண்ணியம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிக் கோயமுத்தூருக்கு அந்த மீன் கடைக்கே போனேன். கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“காப்பிப் பொடி இல்லீங்க. காப்பிபாட். பூச்சி. உயிரோட இருக்கிற பூச்சிங்க. இந்த மீனு அதை மட்டுந்தான் திங்கும். தொட்டி ஃபில்டர் ஓடினா அதுக உள்ள போயிரும், அதான் நிறுத்தச் சொல்லியிருப்பாரு. கண்ணாடியில வெள்ளைப் புள்ளியாட்ட ஓடுமே, பாத்ததில்லீங்களா?”

பார்த்ததில்லையா! ஒன்றொன்றாக ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தவள் நான். துடைத்தேன், தேய்த்தேன், போர் தண்ணீரில் போட்டு அலசினேன், காப்புக்கூடக் கட்டினேன். மீனின் சோற்றுப் பானையை நானே தினமும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏன் இளைக்கிறாய் என்று அதனிடமே கேட்டிருக்கிறேன். கல்லில் உயிர் இருக்கிறது என்று அவர் சொன்னபோது ஆட்டுக்கல் என்று நையாண்டி பேசிய வாயை என்ன செய்வது?

கடைக்காரர் பூச்சி உள்ள தண்ணீரை ஒரு பாட்டிலிலும் பச்சைத் தண்ணீரை இன்னொரு பாட்டிலிலும் கொடுத்தார். பச்சைத் தண்ணீர் என்பது வெறும் கடல் பாசி, அது பூச்சிக்குத் தீனி. மீனுக்குப் பூச்சி, பூச்சிக்குப் பாசி, பாசிக்கு வெயில். நேராகத் தொட்டியில் ஊற்றினால் இரண்டு நாளில் மீன் தின்று தீர்த்துவிடும், வீட்டில் தனியாக வளர்த்துத்தான் போட வேண்டும் என்றார்.

ஊறுகாய் ஜாடி நாலைக் கழுவி ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். தண்ணீர் லேசாகப் பச்சை காட்டுகிற அளவுக்குத்தான் பாசியை ஊற்ற வேண்டும். அதிகமானால் தண்ணீர் கெட்டு நாறும். குறைந்தால் பூச்சி பட்டினி. முதல் இரண்டு ஜாடி நாறித்தான் போயிற்று. மூன்றாவதில் பிடித்தது. மேஜை டிராயரில் அவருடைய மடக்கு லென்ஸ் கிடந்தது. துணியில் இழை எண்ணுவதற்காக வைத்திருந்தது. அதை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். பேன் இல்லை. ஒற்றைக் கண், நீள மீசை, வாலுக்குப் பக்கத்தில் இரண்டு பை. பைக்குள் முட்டை. பெண்ணாம் அது. எள்ளில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது, வயிற்றுப் பிள்ளைக்காரியாக அலைகிறது! தினம் காலையில் சட்னி அரைப்பதற்கு முன்னால் லென்ஸை எடுத்துவிடுவேன்.

பெரிய பூச்சியை மட்டும் பிரித்து மீனுக்குப் போட வேண்டும், குஞ்சுகள் ஜாடியிலேயே வளர வேண்டும். எதில் வடிகட்டுவது? கம்பெனியில் வெட்டிப்போட்ட சாம்பிள் துண்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தேன். கெட்டியான இன்டர்லாக் துணியில் எதுவும் இறங்கவில்லை. ஸ்போர்ட்ஸ் பனியனுக்குப் போடுகிற மெஷ்ஷில் எல்லாமே இறங்கிவிட்டது. கடைசியில் மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபோது சரியாக வந்தது. எவ்வளவு இழுப்பது என்பது கைக்குத்தான் தெரியும்.

பங்குனிக்குள் மீனின் வயிறு உருண்டது. என் செக்கிங் கண் தலைகீழாகிவிட்டது. கண்ணாடியில் புள்ளியைப் பார்த்தால் மனசு நிறையும், புள்ளி இல்லையென்றால் பகீரென்றிருக்கும். வெள்ளிக்கிழமை போனில் நான் மூச்சுவிடாமல் பேசினேன். ஜாடி, பாசி, முட்டைப் பை, ஜெர்சி எல்லாவற்றையும் சொன்னேன். காப்பியையும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. லைன் இரைச்சல் என்றுதான் நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. அப்படி அவர் சிரித்து நான் கேட்டதேயில்லை.

சித்திரையில் பிரிண்ட் மீன் செத்துவிட்டது.

ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பகலில் கரண்ட் நிறுத்திய வெயில் நாள்தான். ஆனால் அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் நிறுத்தினார்கள், அன்று ஒன்றும் ஆகவில்லை. வயிறு நிறைந்துதான் இருந்தது. ஜாடிகளில் பூச்சி பொங்கிக் கிடந்தது. வேலை விட்டு வந்து பார்த்தால் கல்லடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது, நிறம்கூடப் போகவில்லை. கடைக்காரருக்கு போன் செய்தேன். “சில சமயம் அப்படித்தானுங்க” என்றார். என்ன பதில் இது? பட்டினி போட்டபோது சாகாதது, காப்பி குடித்துச் சாகாதது, நன்றாகத் தின்று வளர்ந்தபோது செத்தால் யாரைப் போய்க் கேட்பது? செம்பருத்திச் செடிக்கு அடியில் குழி தோண்டிப் போட்டேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல், வழக்கம்போல ஜாடிகளுக்குப் பாசி ஊற்றினேன். தின்ன ஆளில்லாத பூச்சிக்குத் தீனி போட்டுக்கொண்டு நிற்கிறாயே, பைத்தியமா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பொய் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏழு மணிக்கு போன் அடித்தது.

“சாப்பிட்டாச்சா?”

அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. “செத்துப்போச்சுங்க! செவ்வாக்கெழமையே செத்துப்போச்சு. உங்க மீனைக் கொன்னுபோட்டனுங்க. இனி போன் பண்ணி யாரு சாப்ட்டாங்கன்னு கேப்பீங்க?” என்று ஓவென்று அழுதேன்.

மறுமுனையில் இரைச்சல்கூட இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

“ஏம்புள்ள,” என்றார் மெதுவாக. “நான் உன்னையத்தான கேட்டேன்?”

“என்னதுங்க?”

“சாப்பிட்டாச்சான்னு உன்னையத்தான் கேட்டேன். எப்பவும் உன்னையத்தான். நீதான் உடனே மீனைப் பத்திச் சொல்லுவே. சரி, உனக்கு அது புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுன்னு நானும் அதையே கேட்டுட்டு இருந்தேன்.”

சாப்பிட்டாச்சா. அதில் நீ இல்லை, அது இல்லை, மீன் இல்லை. யார் என்று கேட்காமலே ஆறு மாதம் நானாக அந்த இடத்தில் மீனை உட்காரவைத்து, இவரிடம் கோபித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். உண்மையாகத்தான் சொன்னாரா, அழுகிறேனே என்று சமாளித்தாரா? பேசத் தெரியாத மனுஷர், அவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளிக்கவும் தெரியாது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது குழப்பமாகத்தான் இருக்கிறது. அவரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

“சொல்லு,” என்றார். “சாப்பிட்டாச்சா?”

“இல்லீங்க,” என்றேன். “மூணு நாளா ஒண்ணும் எறங்கலீங்க.”

“போய்ப் போட்டுட்டு வா. நான் லைன்லயே இருக்கறேன்.”

இட்லி ஆறிக் கிடந்தது. இரண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கியபடி ஜன்னலோரம் ஜாடிகளுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டேன். நான் மெல்லுகிற சத்தம் மட்டும் டாக்காவரைக்கும் போயிருக்கும்.